எந்த ரெட்டமலை?

போன மாதம் புக்கிட் ரம்பாயில் ஒரு கல்யாண விருந்து. இதைப் படிக்கிற உங்களில் சிலரும் வந்திருந்தீர்கள். எனக்கு எதிர்வரிசையில் உட்கார்ந்து மூன்றாவது தடவை பாயசம் கேட்டவர் யார் என்று இங்கே எழுதினால் சண்டைக்கு வருவார், அதனால் விட்டுவிடுகிறேன். எங்கள் பக்கத்து மேசையில் நம் வயதுக்காரர்கள் இரண்டு பேர் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். "நீங்க எந்த ஊரு?" "ரெட்டமலைத் தோட்டம்ங்க." "அட, நானும் ரெட்டமலைதான்!" அவ்வளவுதான். பிடித்த கையை விடவே இல்லை. கண்ணில் தண்ணீர் வேறு. ரசம் வருவதற்குள் ஒருவர் வீட்டில் பேரன் இருப்பதும் இன்னொருவர் வீட்டில் பேத்தி இருப்பதும் பேச்சில் வந்துவிட்டது.

கையில் எடுத்த சோற்றை இலையிலேயே போட்டேன். எழுந்து போய், "எந்த ரெட்டமலைன்னு கேட்டுக்கிட்டீங்களா?" என்றேன். ஒருவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ரெட்டமலைன்னா ரெட்டமலைதான் பாட்டி," என்றார். பாட்டியாம்! அந்த மனுஷனுக்கு என்னைவிட வயது கூடத்தான் இருக்கும். திரும்பி வந்து உட்கார்ந்ததும் என் மருமகள், "நல்ல காரியம் நடக்குற எடத்துல ஏன் அத்தை இப்படி?" என்று காதைக் கடித்தாள்.

ஏன் என்று அவளுக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. இத்தனை வருஷம் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன், இனி வைத்திருந்து என்ன செய்ய?

மெர்டேக்கா, அதுதான் நாட்டுக்குச் சுதந்திரம், வந்த வருஷம் அது. ஊருக்கெல்லாம் அப்படி. எங்கள் வீட்டில் மட்டும் அதை அக்கா போன வருஷம் என்றுதான் சொல்வோம்.

மலாக்கா டவுனில், காஜா பேராங்கில், செட்டி கம்பம் என்கிற குடியிருப்பை ஒட்டின பலகை வீட்டில் குடியிருந்தோம். அப்பாவுக்கு ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் வேலை. வேலை முடிந்து வந்தால் அவர் மேலிருந்து சோடாவும் கஞ்சியும் கலந்த வாசனை அடிக்கும். டவுனிலேயே பிறந்தவர், ரப்பர் மரத்தைப் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. அம்மாதான் தோட்டத்துப் பெண்.

அம்மாவுக்குத் தாய்வீடு கிடையாது. அவளுடைய அப்பாவைச் சப்பான்காரன் சயாமில் ரயில் போடப் பிடித்துக்கொண்டு போனான், அவர் திரும்பவில்லை. அவளுடைய அம்மாவும் அதற்குப் பின்னாலேயே காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை. அப்புறம் காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள் என்று அவசரகாலம் வந்து தோட்டங்களில் எல்லாம் முள்வேலி போட்டார்கள். அம்மா அந்தப் பக்கம் போவதையே விட்டுவிட்டாள். போனாலும் யார் வீட்டு வாசலில் நிற்பது? அவளிடம் மிச்சமிருந்தது ரெட்டமலை என்ற பெயரும், வாயில் நெளிவு விழுந்த ஒரு பித்தளைச் சொம்பும்தான். அந்தச் சொம்பை நாங்கள் யாரும் தொடக்கூடாது. புளி போட்டுத் தேய்ப்பதுகூட அவள்தான்.

ஆனால் வாய் ஓயாது. சோறு வடிக்கும்போது ரெட்டமலை, தலை பின்னும்போது ரெட்டமலை. "பெரிய குன்னு ஒண்ணு, சின்னக் குன்னு ஒண்ணு. சின்னக் குன்னு மேல ஏறி நின்னா கடல் தெரியும்டி, கோடு போட்ட மாதிரி," என்பாள். எனக்கு அந்தக் கதை அலுத்துவிட்டது. அக்காவுக்கு அலுக்கவே இல்லை. பதினேழு வயது அவளுக்கு. தெத்துப்பல் தெரியக்கூடாது என்று கையால் வாயை மூடிக்கொண்டுதான் சிரிப்பாள். "ஒரு நாளைக்கு என்னைக் கூட்டிட்டுப் போம்மா, நான் கடலப் பாக்கணும்," என்பாள். காஜா பேராங்கிலிருந்து கடல் எவ்வளவு தூரம், சொல்லுங்கள்? நடந்தே போய்ப் பார்க்கலாம். அவளுக்கு அந்தக் கடல் வேண்டாம், மலைமேல் நின்று பார்க்கிற கடல்தான் வேண்டும்.

வேலிக்கு அந்தப் பக்கம் செட்டி வீட்டு அம்மா, மலாய்க்காரர்களோடு கலந்துபோன பழைய தமிழ் வம்சம். எப்போதும் கெபாயா என்கிற மலாய்ச் சட்டையும் கைலியும்தான் உடுத்துவார், அதனால் நாங்கள் கெபாயா அம்மா என்போம். நெற்றியில் திருநீறு, வீட்டில் சாமி மாடம், வாயைத் திறந்தால் மலாய். தோட்டத்துப் பக்கமிருந்து வருகிறவர்கள் 'செட்டி' என்று கேள்விப்பட்டு, வட்டிக்குக் கொடுக்கிற செட்டியார் கிட்டங்கியைத் தேடிக்கொண்டு இவர் வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள். "செட்டியார் ஐயா இருக்காருங்களா?" என்று பவ்வியமாகத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்பவர்களைப் பார்த்து, "சித்தி லாயின், செத்தியார் லாயின்!" என்று இவர் கத்துவார். செட்டி வேறு, செட்டியார் வேறு என்று அர்த்தம். அம்மா அடுப்படியிலிருந்தபடியே விழுந்து விழுந்து சிரிப்பாள். "பேரு ஒண்ணா இருந்தா ஆளும் ஒண்ணா? இதுகூடத் தெரியாதா இந்தத் தோட்டத்துச் சனங்களுக்கு," என்பாள். அம்மா சொன்ன சொல்தான் இது. நான் இட்டுக்கட்டவில்லை.

அந்த வருஷம் மாசி மகத்துக்குச் செங் என்கிற ஊரில் இருக்கும் சன்னாசிமலைக் கோயிலுக்குப் போயிருந்தோம். நான் அப்போதுதான் தமிழ்ப்பள்ளியில் எழுத்துக் கூட்டக் கற்றிருந்தேன். கண்ணில் பட்டதையெல்லாம் சத்தம் போட்டுப் படிக்கிற வியாதி எனக்கு. மரத்தடியில் கிட்டத்திலிருந்தும் தூரத்திலிருந்தும் வந்த தோட்டத்து லோரிகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் முகப்பிலும் மஞ்சள் தடவிய துணியில் அந்தந்தத் தோட்டத்தின் பெயர். ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தேன். கடைசி லோரியில், "ரெட்... ட... மலைத் தோட்டம்," என்றேன்.

அம்மா என் கையைப் பிடித்த பிடியில் வளையல் நெரிந்துவிட்டது. "இன்னொரு தடவ படி," என்றாள். படித்தேன். "சரியாப் பாத்துப் படிடி," என்றாள். மறுபடியும் படித்தேன்.

லோரி நிழலில் ஓர் ஆள் உட்கார்ந்திருந்தார். நெடுநெடுவென்ற உருவம், முடி இறக்கிச் சந்தனம் பூசிய தலை. அம்மா அவர் முன்னால் போய் நின்று, "அண்ணே, நீங்க ரெட்டமலையா?" என்றாள்.

"ஆமா தாயி."

"நான் ரெட்டமலைப் பொண்ணுண்ணே. அங்கதான் பொறந்தேன்."

"அட, நம்ம ஊருப் பொண்ணா!" அவர் எழுந்துவிட்டார். "டேய், இங்க வாங்கடா! நம்ம ஊரு தங்கச்சியப் பாருங்கடா!"

அம்மா நின்ற இடத்திலேயே அழுதாள். அவளை யாரும் தங்கச்சி என்று கூப்பிட்டு நான் அதுவரை கேட்டதில்லை. அந்த நிமிஷத்திலிருந்து அவர் எங்களுக்கு ரெட்டமலை மாமா.

மறுநாள் மாமா வீட்டுக்குச் சாப்பிட வந்தார். அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள், அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். "முறுக்கு விக்கிற கிழவி இருக்காளாண்ணே?" "இருக்கா, இருக்கா, இன்னும் போகல." "அந்த மலையாளத்துக் கிராணி?" "அவன் எங்க போவான்? அதே திமிருதான்." "ஆலை மணி இன்னும் விடியமுன்ன அடிக்குதா?" "அடிக்காம?" எந்தத் தோட்டத்தில் முறுக்குக் கிழவி இல்லை? எந்தத் தோட்டத்தில் கணக்கு எழுத ஒரு மலையாளத்துக் கிராணி இல்லை? இன்றைக்கு நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. அம்மா தன் அப்பா பெயரைச் சொன்னாள். மாமா கொஞ்சம் யோசித்தார். "நாங்க சப்பான்காலம் முடிஞ்சப்புறம் வந்து சேந்தவங்க தங்கச்சி. பழைய ஆளுங்களக் கேட்டாச் சொல்லுவாங்க," என்றார். அதில் பொய் ஒன்றும் இல்லை. அந்த மனுஷர் எங்களிடம் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. 

சாப்பிட உட்காரும்போது மூலையில் இருந்த அரிசி மூட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். "மூட்டையோடவா வச்சிருக்கீங்க?" என்றார்.

"ஆமா, மாசத்துக்கு வேணுமே," என்றார் அப்பா.

"குடுத்து வச்சவங்க," என்று சொல்லிவிட்டுச் சோற்றை ஒரு பருக்கைகூடச் சிந்தாமல் சாப்பிட்டார். கை கழுவும்போது, "எங்க ஊருல சாயங்காலம் ஆறானா கேட்டப் பூட்டிருவான்," என்றார்.

"அந்தக் காலத்துலயும் அப்படித்தாண்ணே. எங்கப்பாவே இருட்டுறதுக்குள்ள லயத்து வீட்டுக்கு வந்திரணும்பாரு," என்றாள் அம்மா.

மலாக்காப் பக்கம் அப்போது கேட்டும் இல்லை, பூட்டும் இல்லை. சோற்றுக்குக் காவல் இல்லை. இந்தப் பக்கம் கம்யூனிஸ்ட் பயம் நீங்கி வெள்ளைப் பகுதியாகி வருஷங்கள் ஆகிவிட்டன. அரிசியைப் பிடி பிடியாக அளந்து கொடுப்பதும், ஆறு மணிக்குக் கேட்டைப் பூட்டுவதும் அவர்கள் இன்னும் நடமாடுகிற கறுப்புப் பகுதியில்தான். இது அப்பாவுக்குத் தெரியும். தெரிந்தும் அவருக்கு உறைக்கவில்லை. பிறகு ஒரு நாள் கேட்டதற்கு, "அவ ஊரு, அவளுக்குத் தெரியாதான்னு இருந்துட்டேன்," என்றார்.

அக்கா கதவுக்குப் பின்னால் நின்று மெதுவாகக் கேட்டாள். "மாமா, மல மேல ஏறினா கடல் தெரியுமா?"

மாமா சிரித்துவிட்டார். "கடலா? ஒரு மல மேல ஏறினா இன்னொரு மலதான் தெரியும் புள்ள."

"காடு வளந்து மறச்சிருக்கும்," என்றாள் அம்மா உடனே.

அக்கா வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அம்மா சொன்னால் சரிதான் அவளுக்கு.

மாமாவுக்கு ஒரே மகன், பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுக்கிற வேலை. உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? ஊர்முறையில் அண்ணன் என்றால் அண்ணன் மகனுக்குப் பெண் கொடுப்பது முறைதானே. சித்திரையில் பாக்கு வெற்றிலை மாற்றினார்கள். அதற்கு வந்த அன்றும் மாமா விடிகாலையில் கிளம்பிப் பொழுது சாய்ந்துதான் வந்து சேர்ந்தார். "ஏண்ணே இம்புட்டு நேரம்?" என்றதற்கு, "வழியெல்லாம் செக்கிங்," என்றார். அது சரியான பதிலாக இருந்தது. எல்லாப் பதிலும் சரியான பதிலாகவே இருந்தது.

அம்மா வேலியோரம் நின்று கெபாயா அம்மாவிடம் சந்தோஷத்தைச் சொன்னாள். "மக ரெட்டமலைக்கு வாழப் போறா. எனக்கும் ஒரு தாய்வீடு கிடைச்சிருச்சு," என்று பாதி தமிழும் பாதி மலாயுமாக. அவர் வெற்றிலையை மென்றபடி கேட்டுவிட்டு, "ரெட்டமலை யாங் மானா?" என்றார். எந்த ரெட்டமலை என்று அர்த்தம்.

"சத்து சாஜா!" என்றாள் அம்மா. ஒண்ணே ஒண்ணுதான்.

கெபாயா அம்மா என்னைப் பார்த்தார். சிரிக்கவில்லை. ஊரெல்லாம் தன்னை வேறு யாரோ என்று நினைத்துக் கதவைத் தட்டுகிற வீட்டில் இருக்கிறவருக்கு அப்படிக் கேட்கத் தோன்றியது. எங்களுக்குத் தோன்றவில்லை.

வைகாசியில் கல்யாணம், மாரியம்மன் கோயிலில். மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஒரே ஒரு லோரி வந்தது, ஆட்களும் கொஞ்சம்தான். மாப்பிள்ளையின் அம்மாவே வரவில்லை. "கேட்டுல பாஸ் கிடைக்கல," என்றார் மாமா. மாப்பிள்ளை நல்ல பையன், கூச்சப்பட்டுத் தலையைத் தூக்கவே இல்லை. பெண்ணைக் கொண்டுபோய் விட நாங்களும் லோரியில் ஏறப் போனபோது மாமா கையைப் பிசைந்தார். "தப்பா நினைக்காதீங்க. கேட்டுல எழுதிக் குடுத்த பேருக்கு மேல ஒரு ஆளு கூட உள்ள விடமாட்டான். ஆடிக்கு அழைக்க வருவீங்கள்ல, அப்ப முன்னாடியே பாஸ் எடுத்து வைக்கிறேன்," என்றார்.

அப்பா தோளில் துண்டைச் சரி செய்துகொண்டு, "சரி, வழி எப்படின்னு..." என்று ஆரம்பித்தார்.

அம்மா விடவில்லை. "நான் பொறந்த ஊருக்கு எனக்கே வழி சொல்லணுமா? கண்ணக் கட்டி விட்டாலும் போயிருவேன்!"

கூட்டமே சிரித்தது. மாமாவும் சிரித்துக்கொண்டு, "அதானே! தங்கச்சிகிட்டப் போய் வழி சொல்றதா?" என்றார். சொல்ல வாயெடுத்தவர் அப்படியே நிறுத்திக்கொண்டார். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் கேட்கிறது. நானும் சிரித்தேன்.

லோரி கிளம்பும்போது அம்மா அந்தப் பித்தளைச் சொம்பை அக்கா மடியில் வைத்தாள். "அது ஊருக்கே திரும்பிப் போகுது," என்றாள். அக்கா அழவில்லை. சொம்பைக் கட்டிக்கொண்டு கையசைத்தாள். லோரி முச்சந்திக்குப் போய்ச் செங் பக்கம் திரும்பியது. ரெட்டமலை ஜாசின் பக்கம் என்று அம்மா சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடம். ஜாசினுக்குப் போகிற பஸ் புக்கிட் காதில் பக்கம்தானே திரும்பும்?

"அம்மா, லோரி அந்தப் பக்கம் போவுதே?"

"கோயிலச் சுத்திட்டுப் போவாங்கடி. வாய மூடு," என்றாள்.

ஆடி முதல் வெள்ளி அம்மாவும் நானும் அக்காவை அழைத்துவரக் கிளம்பினோம். அப்பாவுக்கு லீவு இல்லை. ரோஜா நிறத்தில் சேலை, கண்ணாடி வளையல், அடுக்குச் சட்டியில் புளிச்சோறு, முறுக்கு. ஜாசினில் இறங்கி, வேறு பஸ் பிடித்து, தோட்டத்துக்குப் போகிற செம்மண் சடக்கில் நடந்தோம். அம்மா கண்ணைக் கட்டாமலே ஓடினாள். "இந்தப் பாலம்! இந்தப் பலாமரம்! பாத்தியா, பாத்தியா?" என்று என்னை இழுத்துக்கொண்டு போனாள். இரண்டு குன்றும் தெரிந்தன. அவள் சொன்னது போலவே ஒன்று பெரியது, ஒன்று சின்னது. அம்மாவை அவ்வளவு அழகாக நான் பார்த்ததே இல்லை.

ஆட்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்துக்குக் கூரை இல்லை. தகரத்தையெல்லாம் யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். கதவு இருந்த இடத்தில் லாலான் புல் என் உயரத்துக்கு நின்றது. மாரியம்மன் மேடையில் விளக்கு எரிந்து எத்தனை நாளோ, எண்ணெய்ப் பிசுக்கில் எறும்பு ஊர்ந்தது. முள்வேலிக் கம்பி மட்டும் அப்படியே இருந்தது. அம்மா அக்கா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். யாரும் வரவில்லை. மறுபடியும் கூப்பிட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஒரு மாட்டுக்காரர் வந்தார். நம்ம ஆள்தான். "யாரத் தேடுறீங்க?" என்றார்.

"எம்மகள. இங்கதான் கட்டிக் குடுத்திருக்கேன், வைகாசியில."

"இங்கயா?" அவர் எங்கள் கையிலிருந்த அடுக்குச் சட்டியைப் பார்த்தார். "தோட்டத்தத் துண்டு துண்டா வித்துட்டாங்கம்மா. ஆளுங்க கிளம்பி வருசமாச்சு. வைகாசியில இங்க யாரு இருந்தா?"

"ரெட்டமலைக்குத்தான் குடுத்தேன்."

"எந்த ரெட்டமலை? ஜொகூர்ல ஒண்ணு இருக்கு, சிரம்பான் பக்கம் ஒண்ணு, பேராக்குல ஒண்ணு. ரெண்டு குன்னு நின்னா நம்ம சனம் ரெட்டமலைன்னுதானே சொல்லும். தொரைமாரு வச்ச பேரு என்ன? அதச் சொல்லுங்க."

அம்மாவுக்குத் தெரியவில்லை. தான் பிறந்த தோட்டத்துக்கே துரைமார் வைத்த இங்கிலீஷ் பெயர் என்னவென்று அவளுக்குத் தெரியாது. அவள் சின்னக் குன்றின் மேல் ஏறினாள். நானும் பின்னாலேயே ஏறினேன். காடு மறைக்கவில்லை. தெற்கே வெள்ளைக் கோடு போட்டது போலக் கடல் தெரிந்தது.

"கடல் தெரியுதுடி," என்றாள். உட்கார்ந்துவிட்டாள். "அவரு இன்னொரு மலதான் தெரியும்னாரே."

புளிச்சோறு அப்படியே ஊசிப்போனது. வரும் வழியெல்லாம் நான் சட்டியைப் பிடித்திருந்தேன், அந்த வாடை எனக்கு இப்போதும் ஆகாது.

அதற்கப்புறம் வந்த நாட்களை எப்படிச் சொல்வேன்? அப்பா லீவு போட்டுவிட்டு அலைந்தார். தொழிலாளர் ஆபீசில் ரெட்டமலை என்றதும், அப்படியொரு எஸ்டேட்டே கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். கிடையாதாம்! இரண்டு பேர் தங்கள் ஊர் என்று சொல்லி, கல்யாணம் பேசி, ஒரு பெண்ணை ஏற்றி அனுப்பிய ஊர் இல்லவே இல்லையாம். லோரிக்காரர்களைக் கேட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு ரெட்டமலை சொன்னார்கள். மெர்டேக்காவுக்காக டவுனில் வளைவு கட்டிக்கொண்டிருந்தார்கள், பள்ளியில் எங்களுக்குப் பாட்டு சொல்லிக் கொடுத்தார்கள், கடையெல்லாம் கொடி. அம்மா வாசலில் நின்று போகிற லோரியெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். "எம்புள்ளய எங்க அனுப்பிட்டேன், எங்க அனுப்பிட்டேன்," என்று முணுமுணுத்துக்கொண்டே இருப்பாள். அக்காவுக்கு எழுதத் தெரியும். எழுதவில்லை. ஆடிக்கு அழைக்க வராத வீட்டுக்குக் கெஞ்சி எழுதுவாளா அவள்? அம்மா பெற்ற பெண்ணாயிற்றே.

மெர்டேக்காவுக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது ரெட்டமலை மாமா வந்தார். உள்ளே வரவில்லை. வாசலில் நின்று கத்தினார்.

"இதுதான் பொண்ணு குடுக்குற லட்சணமா? ஆடி முச்சூடும் அந்தப் புள்ள கேட்டுகிட்டயே நின்னுச்சு! ஒருத்தர் வந்து எட்டிப் பாத்தீங்களா?"

அம்மா ஓடிப்போய் அவர் காலில் விழுந்தாள். "வந்தோம்ணே! ரெட்டமலைக்கு வந்தோம்ணே!"

"எங்க வந்தே? எங்க ஊருல பழைய ஆளுங்க எல்லாரையும் கேட்டுட்டேன். உன்ன ஒருத்தருக்கும் தெரியல, உங்கப்பனையும் தெரியல. ஊர்க்காரின்னு பொய் சொல்லிப் பொண்ணத் தள்ளிவிட்டுட்டா, பொய்க்காரி பெத்த பொண்ணுன்னு லயமே பேசுது. மலையில கடல் தெரியும்னு எங்கம்மா சொன்னாங்கன்னு அந்தப் புள்ள சொல்லப் போக, போற வர்றவன்லாம் கடல் தெரியுதான்னு கேட்டுக் கேட்டுச் சிரிக்கிறான்."

அப்பா முன்னால் வந்து கேட்டார். "உங்க ரெட்டமலை எங்க இருக்கு?"

"பேராக்குல. சுங்கை சிப்புட்டுக்கும் மேல. ஏன், தெரியாதா?"

"அவ போனது ஜாசின் பக்கத்து ரெட்டமலைக்கு," என்றார் அப்பா. மாமாவுக்கு மெல்ல மெல்லப் புரிந்தது. வாசற்படியில் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். வேலிக்கு அந்தப் பக்கம் கெபாயா அம்மா அரைத்துக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டு நின்றார். மாமா துண்டை எடுக்காமலே சொன்னார். "வயித்துல இருந்தது தங்கலம்மா. அந்தப் புள்ள பால் வாளியோட சரிவுல விழுந்திருச்சு. அத வேலைக்கு அனுப்பாதன்னு எம்பொண்டாட்டிகிட்டச் சொல்லியிருக்கணும், நானும் சொல்லல." பிறகு, "வந்தா கூட்டிட்டு வந்துருங்க. நான் தடுக்கல," என்றார்.

அன்றே தம்பின் ஸ்டேஷனில் ரயில் ஏறினோம். அப்பா, அம்மா, நான், மாமா. அக்காவைக் கையோடு கூட்டி வந்துவிட வேண்டும், அது ஒன்றுதான் பேச்சு. அவள் வந்ததும் எந்தப் பாயில் படுக்க வைப்பது என்றுகூட அம்மா சொல்லிக்கொண்டு வந்தாள்.

அந்த ரெட்டமலையிலும் இரண்டு மலை இருந்தன. ஆனால் பெரிய மலைகள், காடு மூடி, வானத்தை அடைத்துக்கொண்டு நின்றன. கேட்டில் துப்பாக்கியோடு ஆட்கள். முள்வேலிக் கம்பியில் புதுக்கொடி ஒன்றைக் கட்டியிருந்தார்கள். எங்கள் மூட்டையைப் பிரித்துச் சோற்றை எடுத்துக்கொண்டார்கள், முறுக்கை எடுத்துக்கொண்டார்கள், பால் டின்னைக் காட்டுக்குள் கடத்த முடியாதபடி ஆணியால் குத்தி ஓட்டை போட்டுக் கொடுத்தார்கள். சேலையை மட்டும் விட்டார்கள். மணி அடிப்பதற்குள் வெளியே வந்துவிட வேண்டும் என்று சொன்னார்கள்.

லயத்து வாசலில் அக்கா நின்றாள். முழங்கைவரை ரப்பர் பால் காய்ந்து கறுத்திருந்தது. அவள் மெலிந்து போனதைவிட, எங்களைப் பார்த்தும் அசையாமல் நின்றதுதான் எனக்குப் பயமாக இருந்தது. மாமாவின் மனைவி கதவோரம் நின்றாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். "இதுதான் அந்த அம்மாவா?" என்று ஒருத்தி சத்தமாகவே கேட்டாள். மாமா, "தப்பு யாரு மேலயும் இல்ல, ஊரு பேருதான் ரெண்டு," என்று அவர்களிடம் விளக்கிச் சொல்லிப் பார்த்தார். யார் நம்புவார்கள்?

"வாடி கண்ணு, வீட்டுக்குப் போவோம்," என்றாள் அம்மா.

அக்கா உள்ளே போனாள். துணி எடுத்து வரப் போகிறாள் என்று நினைத்தேன். தண்ணீரோடு வந்தாள். அந்தப் பித்தளைச் சொம்புதான், வாயில் நெளிவோடு. புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருந்தாள். வழிப்போக்கருக்குக் கொடுப்பது போல இரண்டு கையாலும் நீட்டினாள். அம்மா வாங்கிக்கொண்டாள்.

எங்கள் வீட்டில் அம்மாவை நீ, வா, போ என்றுதான் பேசுவோம். மூத்தவளும் அப்படித்தான், நானும் அப்படித்தான்.

"இங்க எல்லாரும் என்னைய அதான் கேக்குறாங்க, எனக்குச் சொல்லத் தெரியல," என்றாள் அக்கா. குரலில் கோபம் இல்லை. "நீங்க எந்த ஊரு?"

அந்தக் கேள்வியை அம்மாவிடம் எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். கேட்டு முடிப்பதற்குள் பதில் சொல்லிவிடுவாள், கேட்காதவர்களுக்கும் சொல்லுவாள். அன்று வாயைத் திறந்தாள். "ரெட்ட..." என்பது வரை வந்தது. லயமே பார்த்துக்கொண்டிருந்தது. அக்காவும் பார்த்தாள், தெத்துப்பல்லை மூடாமல், உதடு திறந்தபடி.

கேட்டில் மணி அடித்தார்கள். அம்மா தண்ணீரைக் குடிக்காமல் சொம்பை அக்கா கையில் திருப்பிக் கொடுத்தாள்.

"தெரியலடி," என்றாள்.

போன மூன்று பேராகவே கேட்டைத் தாண்டி வெளியே வந்தோம்.